தனாகா கீச்சி: ராணுவ உடையைக் கழற்றிவிட்டுக் கட்சித் தலைமைக்கு வந்த ஜப்பானிய ஜெனரல்

"1927-இல் ஜப்பானில் ஒரு ராணுவ ஜெனரல் பிரதமர் ஆனாராமே, அது ராணுவ ஆட்சியா, தேர்தல் கட்சியின் ஆட்சியா? உலகத்தைப் பிடிக்கச் சக்கரவர்த்திக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தவர் இவர்தானா? இன்றைக்கு அங்கே ஒரு ஜெனரல் அப்படி அரசியலுக்கு வர முடியுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்க்க மூன்று கேள்வி. ஆனால் அவர் உண்மையில் அறிய விரும்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஒரு ராணுவத் தலைவர் அரசியலுக்குள் வந்தால் ராணுவமும் அவரோடு சேர்ந்து உள்ளே வந்துவிடுகிறதா? கிழக்காசிய வரலாற்றைப் பல வருடம் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், தனாகா கீச்சி விஷயத்தில் நடந்தது அதற்கு நேர் எதிர். அரசியலுக்குள் வந்ததும் ராணுவம் அவர் கையை விட்டுப் போய்விட்டது. எப்படிப் போனது என்பதுதான் கதை. அதற்கு அவருடைய ஆரம்ப காலத்திலிருந்தே வர வேண்டும்.

தனாகா 1864-இல் சோஷூ பிரதேசத்தின் ஹாகி நகரில், சாமுராய் அடுக்கின் அடிமட்டத்தில் இருந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர். இன்றைய யமகுச்சி மாவட்டம்தான் அன்றைய சோஷூ. 1868-இல் ஷோகுன் என்ற ராணுவத் தலைவரின் பரம்பரை ஆட்சியைக் கவிழ்த்துப் புதிய அரசை அமைத்தவர்களில் பெரும் பங்கு சோஷூக்காரர்களுடையது. அதனால் புதிய தரைப்படையின் மேல் பதவிகள் நெடுங்காலம் அவர்கள் கையில்தான் இருந்தன. யமகதா அரிதோமோ, கட்சுரா தாரோ, தெராவுச்சி மசதகே என்று பிரதமர்களான சோஷூ ஜெனரல்களின் ஒரு வரிசையே உண்டு. தனாகா அந்த வரிசையின் கடைசி ஆள். ஆனால் பையனாக இருந்தபோது, 1876-இல், அதே புதிய அரசை எதிர்த்து ஹாகியில் மூண்ட கலகத்தில் அவரும் ஓடிப்போய்ச் சேர்ந்தார். வயது சிறியது என்பதால் தப்பினார். பிறகு கிராம அலுவலகத்தில் எடுபிடி, பள்ளிக்கூடத்தில் துணை வாத்தியார் என்று அலைந்துவிட்டு, மற்றவர்களைவிடத் தாமதமாகவே ராணுவப் பள்ளிக்குப் போனார். 1886-இல் அதிகாரி, 1892-இல் ராணுவ உயர்கல்லூரிப் பட்டம், அதன்பின் சீனாவுடனான போர். இதுவரை வழக்கமான ஏற்றம்தான்.

அவரைத் தனித்துக் காட்டுவது ரஷ்ய நாட்கள். 1898 முதல் 1902 வரை அவர் ரஷ்யாவில் இருந்தார். தூதரக விருந்துகளில் நின்றுவிட்டுத் திரும்பும் ரகம் இல்லை. ரஷ்ய மொழி கற்றார், நடனம் கற்றார், ஞாயிறுதோறும் ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்குப் போனார், ரஷ்யர்களைப் போலத் தகப்பன் பெயரைச் சேர்த்துக்கொண்டு 'கீச்சி நொபுசுகெவிச்' என்று அறிமுகம் செய்துகொண்டார், ஒரு ரஷ்யக் காலாட்படைப் பிரிவுடன் தங்கிப் பயிற்சியும் பார்த்தார். ஒரு படையை அறிய வேண்டுமென்றால் அதன் சிப்பாய் எந்தக் குடும்பத்திலிருந்து வருகிறான், வீடு திரும்பினால் என்ன ஆகிறான் என்று பார்க்க வேண்டும் என்ற புத்தி அவருக்கு இங்கேதான் பிடிபட்டிருக்க வேண்டும். இது என் ஊகம். ஆனால் பின்னால் அவர் செய்ததைப் பார்த்தால் பொருந்துகிறது. நாடு திரும்பியவர் ரஷ்யாவுடன் போர் வேண்டும் என்றவர்களின் பக்கம் நின்றார். 1904–05 போரில் மஞ்சூரியப் படையின் தலைமையகத்தில், கொடாமா கென்டாரோவுக்குக் கீழே வேலை பார்த்தார்.

போருக்குப் பின் அவர் செய்த காரியம்தான், என் கணக்கில், அவருடைய அரசியல் வாழ்வின் உண்மையான தொடக்கம். 1907-இல் தோக்கியோவில் ஒரு காலாட்படைப் பிரிவின் தளபதியாக இருந்தபோது, நல்ல சிப்பாய்தான் நல்ல குடிமகன் என்ற கருத்தை விடாமல் பேசினார். ராணுவ அமைச்சகத்துக்கு வந்ததும் அதற்கு ஒரு அமைப்பே கட்டினார். ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்த முன்னாள் சிப்பாய்ச் சங்கங்களை ஒன்றாக்கி 1910 நவம்பரில் ஏகாதிபத்திய ரிசர்வ் சிப்பாய்ச் சங்கம் பிறந்தது. கிராமத்துக்குக் கிராமம் கிளை. வெள்ளம், தீ விபத்து என்றால் முதலில் வந்து நிற்பது அவர்கள், பள்ளி விழாவில் முன்வரிசை அவர்களுக்கு. 1915 வாக்கில் கிராம இளைஞர் சங்கங்களையும் இதே திசையில் திருப்புவதில் அவர் முன்னால் நின்றார். போர் என்பது இனிமேல் படைகள் மட்டும் மோதுவதல்ல, நாடே மோதுவது என்பது அவர் வாதம். அன்றைக்கு ஓட்டு எண்ணி அவர் இதைச் செய்தார் என்று சொல்ல ஆதாரம் கிடையாது, அந்தக் கிராமத்து ஆண்களில் மிகப் பலருக்கு அப்போது ஓட்டே இல்லை. ஆனால் 1925-இல் ஒரு கட்சி அவரைத் தேடி வந்ததற்கு இந்தச் சங்கத்தின் லட்சக்கணக்கான உறுப்பினர்களும் ஒரு காரணம் என்று பல வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இங்கே ஒரு சட்ட விவரம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மேலே நடப்பது புரியாது. அன்றைய ஜப்பானில் பணியில் இருக்கும் ராணுவத்தான் கட்சியில் சேரக் கூடாது. அரசியலில் தலையிடாதே என்று 1882-இல் சக்கரவர்த்தி பெயரில் சிப்பாய்களுக்கு வந்த ஆணையே சொல்கிறது. அவர்களுக்கு ஓட்டும் கிடையாது. ஆனால் ராணுவ அமைச்சர் மட்டும் ராணுவத்தானாகத்தான் இருக்க வேண்டும். 1900-இல் யமகதா இதைப் பணியில் உள்ள ஜெனரல் அல்லது லெப்டினன்ட் ஜெனரல் என்று இறுக்கினார். 1913-இல் ஓய்வுப் பட்டியலில் உள்ளவரும் வரலாம் என்று தளர்த்தினார்கள், 1936-இல் மறுபடி இறுக்கினார்கள். அதாவது ராணுவம் அமைச்சரை அனுப்ப மறுத்தால் அமைச்சரவையே அமையாது, அமைந்ததும் கவிழும். 1912-இல் இரண்டு புதிய டிவிஷன் கேட்டு, கிடைக்காததால் ராணுவ அமைச்சர் விலக, சைஓன்ஜியின் அமைச்சரவை அப்படித்தான் விழுந்தது. அமைச்சகத்துக்குள் இருந்து அந்தக் கோரிக்கையைத் தள்ளியவர்களில் தனாகாவும் ஒருவர். அதைவிடப் பெரியது இன்னொன்று: படையை நடத்தும் அதிகாரம் நேரடியாகச் சக்கரவர்த்தியுடையது, அதற்கு ஆலோசனை சொல்வது பொதுத் தலைமையகம், அமைச்சரவை அல்ல. பிரதமர் உத்தரவு போட்டுப் படையை நகர்த்த முடியாது. இந்த வாசகத்தைக் கீழே 1928-க்கு வரும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1918 செப்டம்பரில் ஹரா தகாஷி பிரதமரானார். செய்யூகாய் கட்சியின் தலைவர், கீழவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினராக இருந்துகொண்டே பிரதமரான முதல் ஆள். அவர் அமைச்சரவையில் ராணுவ அமைச்சர் தனாகா. இருவரும் இரண்டு துருவம் என்றுதான் ஊர் நினைத்தது. ஆனால் ஹராவின் நாட்குறிப்பைப் படித்தால் இருவருக்கும் பேரம் நன்றாகவே படிந்தது தெரிகிறது. அதே 1918-இல், ரஷ்யப் புரட்சியை அடுத்து நேச நாடுகளோடு சேர்ந்து சைபீரியாவுக்குப் படை அனுப்பியதில் தனாகாவுக்குப் பெரும் பங்கு உண்டு. நேச நாடுகளோடு பேசிய எண்ணிக்கையைத் தாண்டி ஜப்பான் 70,000 பேருக்கும் மேல் அனுப்பியது. அந்தப் படையைச் சிறுகச் சிறுகக் குறைக்கச் சொன்ன ஹராவுக்கு அமைச்சராக இருந்து ஒத்துழைத்தவரும் அதே தனாகாதான். பொதுத் தலைமையகம் முறுக்கிக்கொண்டபோது அவர் அமைச்சரவையின் பக்கம் சாய்ந்தார். கட்சிக்காரர்கள் பார்வையில் 'இவரோடு பேசலாம்' என்று தோன்றிய ஜெனரல். ராணுவத்துக்குள் ஒரு பிரிவினர் பார்வையில் 'இவர் விலை போகிறவர்.' இரண்டு முத்திரையும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தன. 1921-இல் முழு ஜெனரலாகவும் ஆனார், நெஞ்சுவலியால் படுத்து அமைச்சர் பதவியையும் விட்டார். மறு ஆண்டு மார்ச்சில் ஷாங்காய் துறைமுகத்தில் கொரிய விடுதலைப் போராளிகள் அவரைச் சுட்டார்கள், குண்டு வீசினார்கள். தனாகா தப்பினார், பக்கத்தில் வந்த ஓர் அமெரிக்கப் பெண் செத்தார். இந்த ஷாங்காய் சம்பவத்தையும் நினைவில் வையுங்கள். உலகத்தைப் பிடிக்கும் திட்டம் என்ற கேள்விக்கு அது தேவைப்படும்.

1923–24-இல் இன்னொரு முறை ராணுவ அமைச்சர். பிறகு 1925 ஏப்ரலில் பணியிலிருந்து விலகி, ஓய்வுப் பட்டியலுக்குப் போய், செய்யூகாய் கட்சிக்குத் தலைவரானார். அதற்கு முன் ஜெனரல்கள் பிரதமர் ஆகியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மூத்த அரசியல்வாதிகள் கைகாட்டி, கட்சிகளுக்கு மேலே உட்கார்ந்தவர்கள். கட்சி கட்ட ஆரம்பித்த கட்சுராவும் அது உருப்படுமுன் 1913-இல் இறந்துபோனார். ஏற்கெனவே வேரூன்றிய ஒரு பெரிய கட்சிக்குள் நுழைந்து அதன் தலைவராகி, அந்த வழியில் பிரதமரான ஜெனரல் தனாகாதான். கட்சிக்கு ஏன் அவர் தேவைப்பட்டார்? ஹரா 1921-இல் தோக்கியோ ரயில் நிலையத்தில் குத்திக் கொல்லப்பட்ட பிறகு தகாஹாஷி கொரேகியோ தலைவரானார். நிதி மேதை, ஆனால் கட்சியைக் கட்டி மேய்க்கும் ஆள் அல்ல. 1924-இல் கட்சி உடைந்து பாதிப் பேர் போய்விட்டார்கள். அந்த நேரத்தில்தான் 25 வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு என்ற சட்டம் நிறைவேறியது. வாக்காளர் எண்ணிக்கை 30 லட்சத்துச் சொச்சத்திலிருந்து ஒரே தாவலில் 1.2 கோடிக்கு மேல் போகப்போகிறது. பணம் வேண்டும், கிராமத்தில் தெரிந்த பெயர் வேண்டும். தனாகாவிடம் இரண்டும் இருந்தன.

அந்தப் பணத்தைப் பற்றி நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். அவர் 30 லட்சம் யென் சீதனம் கொண்டு வந்தார் என்று ஒரு பேச்சு. இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். கோபே நகரத்து வட்டிக்கடைக்காரர் ஒருவரிடமிருந்து பெருந்தொகை புரட்டப்பட்டது, அதற்கு ஈடாகக் கடன் பத்திரங்கள் காட்டப்பட்டன என்பது அன்றே வெளிவந்த செய்தி. 1926 மார்ச்சில் எதிர்க்கட்சி உறுப்பினர் நகானோ செய்கோ நாடாளுமன்றத்தில் எழுந்து, அது சைபீரியப் படையெடுப்பின்போது சுருட்டப்பட்ட ராணுவ ரகசிய நிதி என்று குற்றம் சாட்டினார் என்பதும் உறுதி. விசாரித்துக்கொண்டிருந்த அரசு வழக்கறிஞர் அதே ஆண்டு அக்டோபரில் தோக்கியோவுக்கு வெளியே ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். வழக்கு அப்படியே நின்றுபோனது. ஆனால் அந்த யென்கள் ராணுவப் பெட்டகத்திலிருந்து வந்தவைதான் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை, வழக்கறிஞர் சாவு கொலைதான் என்றும் நிரூபணமாகவில்லை. மறைக்க எதுவும் இல்லை என்றால் இவ்வளவு மூடி மறைப்பானேன் என்று கேட்பது நியாயமான சந்தேகம். அதைத் தீர்ப்பாக எழுதுவது நியாயமில்லை. இணையத்தில் இதைத் தீர்ப்பாகவே எழுதுகிறார்கள்.

கட்சித் தலைவரான தனாகா கீழவைக்குத் தேர்தலில் நின்றவர் அல்ல. 1926-இல் நியமன உறுப்பினராக மேலவைக்குப் போனார். 1927 ஏப்ரலில் வங்கி நெருக்கடி முற்றியது. தைவான் வங்கியைக் காப்பாற்றும் அவசர ஆணையைச் சக்கரவர்த்தியின் ஆலோசனை மன்றம் நிராகரிக்க, எதிர்த்தரப்பான வகாட்சுகி அமைச்சரவை ராஜினாமா செய்தது. அடுத்த பெரிய கட்சிக்கு ஆட்சி என்ற அன்றைய வழக்கப்படி ஏப்ரல் 20-இல் தனாகா பிரதமரானார். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை: அது ராணுவ ஆட்சி அல்ல, கட்சி ஆட்சி. தனாகா முதலில் செய்தது புத்திசாலித்தனமான காரியம், தகாஹாஷியை நிதி அமைச்சராகக் கூப்பிட்டார். எழுபதைத் தாண்டிய அந்த மனிதர் வங்கிகளை இரண்டு நாள் மூடவைத்தார், மூன்று வாரத்துக்குக் கடன் தீர்ப்பதை நிறுத்திவைத்தார். நோட்டு அடிக்க நேரம் போதாததால் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட 200 யென் நோட்டுகளைக் கட்டுக்கட்டாக வங்கிக் கவுன்ட்டர்களில் அடுக்கிக் காட்டச் செய்தார். பின்பக்கம் வெள்ளைக் காகிதம். வரிசையில் நின்ற ஜனம் அந்தக் கட்டுகளைப் பார்த்தே அமைதியானது. சுமார் நாற்பது நாளில் வேலை முடிந்தது என்று தகாஹாஷி பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தனாகா ஆட்சியில் யாரும் குறைசொல்லாத ஒரே அத்தியாயம் இதுதான்.

மற்றதெல்லாம் சறுக்கல். 1928 பிப்ரவரி 20-இல் புதிய ஓட்டுச் சட்டப்படி முதல் தேர்தல். உள்துறை அமைச்சர் சுசுகி கிசாபுரோ காவல்துறையையும் மாவட்ட ஆளுநர்களையும் வெளிப்படையாகவே கட்சிக்கு வேலை செய்யவைத்தார். இவ்வளவு செய்தும் 466 இடங்களில் செய்யூகாய்க்குக் கிடைத்தது 217, எதிர்க்கட்சி மின்செய்தோவுக்கு 216. ஒரே ஒரு இடம் வித்தியாசம்! சுசுகி மே மாதம் பதவி இழந்தார். மார்ச் 15-இல் கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகப்பட்ட 1,600 பேரை நாடெங்கும் ஒரே நாளில் வளைத்தார்கள். ஜூனில் நாடாளுமன்றத்தைத் தாண்டி அவசர ஆணை மூலம் அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தில் மரண தண்டனையைச் சேர்த்தார்கள். மறு ஆண்டு மார்ச் 5-இல் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்த நாளன்று இரவு, அதை எதிர்த்த உறுப்பினர் யமமோதோ செஞ்சி கொல்லப்பட்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி என்பதால் மென்மையான ஆட்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வெளியுறவையும் தனாகா தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அங்கே அவருக்குத் துணையாக இருந்தவர் மோரி கக்கு, சீனாவில் வணிகம் செய்து பழகிய, பிரதமரைவிடக் கடுமையான ஆள். சீனாவில் சியாங் கை ஷேக்கின் தேசியப் படை வடக்கே ஏறி வந்துகொண்டிருந்தது. அங்குள்ள ஜப்பானியரைக் காக்க என்று 1927 மே மாதம் ஷாண்டோங்குக்குப் படை போனது. ஜூன் 27 முதல் ஜூலை 7 வரை தோக்கியோவில் தூதர்கள், ராணுவ அதிகாரிகள், அமைச்சர்கள் கூடிய கிழக்கு மாநாடு. மஞ்சூரியாவையும் மங்கோலியாவையும் மற்ற சீனாவிலிருந்து வேறாகக் கருத வேண்டும், அங்கே ஜப்பானின் உரிமைக்கு ஆபத்து வந்தால் காக்க வேண்டும் என்று முடிவு வந்தது. நவம்பரில் சியாங் தோக்கியோவில் தனாகாவை நேரில் வந்து பார்த்தார். தெற்கை முதலில் சரிசெய்யுங்கள், வடக்குக்கு அவசரப்படாதீர்கள் என்பது தனாகா சொன்னதன் சாரம். சியாங் கேட்கவில்லை. 1928 மே மாதம் ஜினான் நகரில் இரண்டு படைகளும் மோதின, சீனர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள், ஜப்பானியப் பொருளைப் புறக்கணிக்கும் இயக்கம் சீனா முழுக்கப் பரவியது.

தனாகாவின் மஞ்சூரியக் கணக்கு ஒரே ஆள்மேல் நின்றது: சாங் சோலின், மஞ்சூரியாவின் யுத்தப் பிரபு. ரஷ்யப் போரின்போது ஒற்றன் என்று ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த சாங்கின் உயிரை அன்று அதிகாரியாக இருந்த தனாகாதான் காப்பாற்றினார் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, 1927-இல் தனாகாவின் ஆட்கள் சாங்குடன் புதிய ரயில் பாதைகளுக்கு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது உறுதி. சாங் அப்போது பெய்ஜிங்கைப் பிடித்து வைத்திருந்தார். தோற்கப்போகிறார் என்று தெரிந்ததும், மஞ்சூரியாவுக்குத் திரும்பிவிடு என்று தனாகா அரசு அவரை வற்புறுத்தியது. மஞ்சூரியாவில் ரயில் பாதையைக் காவல் காத்த க்வான்டுங் படைக்கோ வேறு எண்ணம்: திரும்பி வரும் சாங்கின் படையை நிராயுதபாணியாக்கிவிட வேண்டும். ரயில் பகுதியைத் தாண்டிப் போக அவர்களுக்குச் சக்கரவர்த்தியின் ஆணை வேண்டும். அவர்கள் ஆயத்தமாகிக் காத்திருந்தார்கள். ஆணை வர தனாகா இடம் கொடுக்கவில்லை.

அதன் பின் நடந்தது தெளிவாகப் பதிவான விஷயம். 1928 ஜூன் 4 விடியற்காலை, முக்டன் நகருக்கு வெளியே, பெய்ஜிங் பாதையின் மேல் ஜப்பானியரின் தென் மஞ்சூரிய ரயில்வே பாலம் குறுக்கே போகும் இடம். சாங்கின் சிறப்பு ரயில் பாலத்தின் அடியில் வந்த நொடியில் வெடித்தது. பெட்டி நொறுங்கியது, சாங் சில மணி நேரத்தில் இறந்தார். சாவை இரண்டு வாரத்துக்கு மேல் மறைத்து வைத்தார்கள். செய்தது சியாங் தரப்புத் தெற்கத்தியக் குண்டுவீச்சாளர்கள் என்று காட்ட, பக்கத்தில் சில சீனர்களைக் கொன்று போட்டிருந்தார்கள். செய்தவர் க்வான்டுங் படையின் கர்னல் கோமோதோ டைசாகு. தன் சொந்தத் திட்டம், கீழே சில அதிகாரிகள் துணை. தோக்கியோவின் உத்தரவு இல்லை. தனாகாவுக்கு ஒரே வெடியில் போனது அவருடைய மஞ்சூரியக் கொள்கை முழுவதும். சாங்கின் மகன் சாங் சூலியாங் அந்த டிசம்பரில் சியாங்கின் தேசியக் கொடியை மஞ்சூரியாவில் ஏற்றினார்.

இப்போது அந்தச் சட்ட வாசகத்துக்கு வாருங்கள். மூத்த அரசியல்வாதி சைஓன்ஜி தனாகாவிடம், செய்தவன் ஜப்பானியன் என்றால் தண்டித்தே தீர வேண்டும், நாட்டின் பெயர் அதில்தான் நிற்கும் என்று அழுத்திச் சொன்னார். ராணுவத்திலிருந்து வந்தவர் என்பதால் இவரால்தான் அது முடியும் என்று அவர் நம்பினார். தனாகாவும் டிசம்பர் 24-இல் சக்கரவர்த்தியிடம் போய், நம் அதிகாரிகள் தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது, உறுதியானால் கடுமையாக நடவடிக்கை எடுப்பேன் என்ற பொருளில் சொல்லிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் ராணுவம் மொத்தமும் மறித்து நின்றது. ராணுவ அமைச்சர் ஷிரகாவா யோஷினோரி பகிரங்க விசாரணைக்கு உடன்படவில்லை, தனாகாவின் சொந்தக் கட்சி அமைச்சர்களே, வெளியில் சொன்னால் நாட்டுக்கு அவமானம் என்று எதிர்த்தார்கள். ராணுவ நீதிமன்றத்தைக் கூட்டும் அதிகாரம் பிரதமருக்கு இல்லை. உடையோடு இருந்திருந்தால் பழைய சோஷூ உறவுகளைக் கூப்பிட்டுப் பேசியிருப்பார். ஆனால் யமகதா 1922-இலேயே இறந்துவிட்டார், படையின் நடு அடுக்கில் இருந்த கர்னல்கள் சோஷூ ஆதிக்கத்தை வெறுத்தவர்கள், அவர்களுக்கு தனாகா ஒரு கட்சித் தலைவர், அவ்வளவுதான். கட்சிக்காரர்களுக்கோ அவர் இன்னும் ஜெனரல். மாமியார் வீட்டிலும் இடமில்லை, தாய் வீட்டிலும் இடமில்லை என்ற நிலை.

1929 ஜூன் 27-இல் தனாகா மறுபடி சக்கரவர்த்தி முன் போய் நின்றார். ராணுவத்துக்குத் தொடர்பில்லை, காவலில் கவனக்குறைவு இருந்ததற்காக மட்டும் நிர்வாக நடவடிக்கை எடுக்கிறோம் என்றார். 28 வயது ஹிரோஹிதோவுக்குக் கோபம். முன்பு சொன்னது ஒன்று, இப்போது சொல்வது ஒன்று. இதில் எது உறுதி? சக்கரவர்த்தி கடிந்துகொண்டார், தனாகா ஜூலை 2-இல் ராஜினாமா செய்தார், இவை ஐயமற்றவை. எது ஐயம்? அப்போது சொல்லப்பட்ட சரியான வார்த்தைகள். 1946-இல் சக்கரவர்த்தி தன் உதவியாளர்களிடம் சொல்லி எழுதவைத்த, 1990-இல் வெளிவந்த குறிப்பில், ராஜினாமா செய்துவிடலாமே என்று தனாகாவிடமே சொன்னதாக இருக்கிறது. அரண்மனை அதிகாரிகளின் நாட்குறிப்புகளில் இது வேறு வேறு விதமாக, சிலவற்றில் மென்மையாக வருகிறது. 1946 என்பது போர்க்குற்ற விசாரணை வாசலில் நின்ற நேரம், அந்த நினைவுகூரலுக்கு ஒரு நோக்கம் இருந்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அதே குறிப்பில் அவர், அது இளம் வயது அவசரம், அதன்பின் அமைச்சரவை எதைக் கொண்டுவந்தாலும் ஒப்புவது என்று முடிவு செய்தேன் என்கிறார். கோமோதோவுக்குக் கிடைத்தது கட்டாய ஓய்வு. 1932-இல் அவர் தென் மஞ்சூரிய ரயில்வேக்கே இயக்குநர்களில் ஒருவராக வந்து உட்கார்ந்தார். 1931-இல் மஞ்சூரியாவைப் பிடித்த அடுத்த தலைமுறை அதிகாரிகளுக்கு இதைவிடத் தெளிவான சைகை தேவைப்பட்டிருக்காது.

தனாகா 1929 செப்டம்பர் 29-இல் இறந்தார். தற்கொலை என்று ஒரு வதந்தி உடனே கிளம்பியது. 1921 முதல் நெஞ்சுவலி இருந்த 65 வயதுக்காரர் மாரடைப்பால் இறந்ததற்கு வதந்தி தேவையில்லை. அவர் மகன் தனாகா தட்சுவோ போருக்குப் பின் யமகுச்சி ஆளுநராகவும் பிறகு அமைச்சராகவும் இருந்தார். குடும்பம் அரசியலை விடவில்லை.

இரண்டாவது கேள்வி, அந்த உலகத்தைப் பிடிக்கும் திட்டம், அதாவது 'தனாகா மகஜர்'. அவர் இறந்து மூன்று மாதம் கூட ஆகாத 1929 டிசம்பரில் நான்ஜிங் நகரப் பத்திரிகை ஒன்றில் அது வந்தது. சீனாவைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் மஞ்சூரியா, மங்கோலியா, உலகத்தைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் சீனா என்று 1927 ஜூலையில் தனாகா சக்கரவர்த்திக்கு எழுதினாராம். போர்க்காலத்தில் உலகமே இதை நம்பியது, ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கிகூட 1940-இல் இது அசல்தான் என்று எழுதினார். ஆனால் உள்ளே பாருங்கள். சீனாவின் இறையாண்மையை மதிப்பதாக ஜப்பானும் மற்ற நாடுகளும் செய்த ஒன்பது நாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதை எதிர்கொள்ளக் கூடிய ஆலோசனையில் யமகதா கலந்துகொண்டார் என்கிறது. ஒப்பந்தம் 1922 பிப்ரவரி 6, யமகதா இறந்தது பிப்ரவரி 1. ஷாங்காயில் தன்னைச் சுட்டது சீனன் என்கிறது, சுட்டவர்கள் கொரியர்கள். தான் ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது என்கிறது, அவர் வந்தது பிலிப்பைன்ஸிலிருந்து. தன்னைச் சுட்டது யார் என்று தனாகாவுக்கா தெரியாது? ஜப்பானிய மூலம் எதுவும் எங்கும் கிடைக்கவில்லை, 1945-க்குப் பின் அமெரிக்கர்கள் ஆவணக் கிடங்குகளைத் துழாவியும் கிடைக்கவில்லை. ஆகவே இது போலி என்பதில் ஜப்பானிலும் மேற்கிலும் ஆய்வாளர்களிடையே அநேகமாக ஒருமித்த கருத்து. சீனாவில் இன்னும் அசல் என்பவர்கள் உண்டு. யார் எழுதினார்கள் என்பது மட்டும் தீராத கேள்வி. கிழக்கு மாநாடு உண்மையாக நடந்தது, 1931-க்குப் பின் நடந்தவையும் அந்தத் திட்டத்தைப் போலவே இருந்தன, அதனால்தான் பொய்க்கு இவ்வளவு ஆயுள். போலி என்று சொல்வது ஜப்பானின் ஆக்கிரமிப்பை மறுப்பதாகாது. இரண்டையும் சேர்த்துக் குழப்புகிறவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள்.

மூன்றாவது கேள்விக்கு தனாகாவின் சீடர் உகாகி கசுஷிகே பாதி விடை. ராணுவ அமைச்சராக 1925-இல் நான்கு டிவிஷனைக் கலைத்த ஜெனரல் அவர். 1937 ஜனவரியில் அமைச்சரவை அமைக்கச் சக்கரவர்த்தி அவரை அழைத்தார். தோக்கியோவுக்கு வரும் வழியிலேயே ராணுவக் காவல்துறைத் தளபதி காரை நிறுத்தி ஏறிக்கொண்டு, வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள் என்றார். உகாகி கேட்கவில்லை. ராணுவம் அமைச்சரை அனுப்ப மறுத்தது, 1936-இல் இறுக்கிய விதி கழுத்தைப் பிடித்தது, நாலைந்து நாளில் அவர் கைவிட்டார். போர் முடிந்து, ராணுவமே கலைக்கப்பட்டு, 1953-இல் மேலவைத் தேர்தலில் நின்ற அதே உகாகி நாடு தழுவிய தொகுதியில் 5 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கி முதலிடத்தில் வந்தார். அப்போது வயது 84. இன்றைய அரசியல் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பிரதமரும் அமைச்சர்களும் சிவிலியன்களாக இருக்க வேண்டும் என்கிறது, போருக்குப் பின் அமைந்த இன்றைய படையான தற்காப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரியை அது தடுப்பதில்லை. வான்படைத் தலைமைத் தளபதியாக இருந்த கெண்டா மினோரு 1962-இல் மேலவைக்குத் தேர்வாகி 1986 வரை இருந்தார். தரைப்படையில் லெப்டினன்டாக இருந்த நகதானி கென் 2001-இல் பாதுகாப்பு முகமையின் தலைவராகவே ஆனார், முன்னாள் தற்காப்புப் படையினரில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். படையின் தலைமைக் கட்டளை இப்போது சக்கரவர்த்தியிடம் இல்லை, சட்டப்படி பிரதமரிடம் இருக்கிறது.